புதிய மோட்டார் வண்டியும் மேற்பூச்சும்

புதிய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கச் சென்றவர், விலை பேசி முடித்து, முற்பணமும் செலுத்தி, கையொப்பம் இடவேண்டிய இடங்களிலெல்லாம் இட்டுப் பேனாவை மூடும் வேளையில், விற்பனை முகவரின் மேசைக்கு இன்னுமொரு தாள் வந்து சேர்கிறது. 'வர்ணப் பாதுகாப்பு' என்பது அதன் தலைப்பு. வெயிலும் மழையும் உப்புக் காற்றும் காகத்தின் எச்சமும் வண்டியின் வர்ணத்தைக் கெடுத்துவிடாதவாறு சிறப்பான பூச்சு ஒன்று பூசித் தரப்படும் என்றும், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கோ அதற்கு மேலாகவோ உத்தரவாதம் உண்டு என்றும் அத்தாள் கூறும். இவ்வளவு பெருந்தொகை கொடுத்தவர் இந்தச் சிறு தொகைக்கா பின்னிற்பார் என்ற எண்ணம் மேசையின் இரு புறத்திலும் உண்டு. பெரும்பாலும் அவர் பின்னிற்பதில்லை.

இலங்கையில் இக்கேள்வியின் பாரம் அண்மைக் காலத்திற் கூடியிருக்கிறது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, இறக்குமதி வரிகளையும் ரூபாயின் வீழ்ச்சியையும் தாங்கி, பலர் தம் வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து வண்டி வாங்கினர். அப்படி வாங்கிய பொருளைப் பேணவேண்டும் என்ற கவலை நியாயமானது. மேசையில் வைக்கப்படும் அந்தத் தாள் முகவரி தேடி வருவதும் அந்தக் கவலையையே. ஆகவே அது எதை விற்கிறது, அதனை வாங்குவதால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை ஆற அமர ஆராய்ந்து பார்த்தல் தகும்.

முதலில் அறியவேண்டியது, தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி பாதுகாப்பு இல்லாமல் வருவதில்லை என்பதாகும். வண்டியின் உருக்கு உடலின்மேல் பூசப்பட்டிருப்பது ஒரே வர்ணம் அன்று. ஒன்றன்மேலொன்றாக நான்கு படைகள் உள்ளன. உடல் முழுவதையும் ஒரு பெரிய தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தி, பொந்துகளிலும் மடிப்புகளிலும்கூடப் படியுமாறு இடப்படும் துரு தடுக்கும் பூச்சு முதலாவது. அதன்மேல் இடைப்பூச்சு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியும் நிறம். யாவற்றுக்கும் மேலே, நிறமற்றதும் கண்ணாடி போன்றதுமான தெளிபூச்சு. சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, கீழேயுள்ள நிறத்தை வெளிறாமற் காக்கும் இரசாயனங்கள் இந்தத் தெளிபூச்சிலேயே கலக்கப்பட்டிருக்கின்றன. நான்கு படைகளும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புடையவை. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; மனிதரின் தலைமயிர் ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பாக இருக்கும். ஒன்றரை அல்லது இரண்டு மயிரின் தடிப்பிலே இத்தனை வேலையும் அடங்கியிருக்கிறது.

முன்னாளில் நிலைமை வேறு. மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிசையே அவற்றுக்கும் பூசினர். அது உலர்வதற்கு வாரக்கணக்காகும். 1920களில் அமெரிக்காவின் டியூபோன் நிறுவனம் 'டியூக்கோ' என்னும் விரைவில் உலரும் வர்ணத்தைக் கொண்டுவந்தபோது வண்டித் தொழிலின் வேகமே மாறிற்று. ஆயினும் அக்கால வர்ணங்கள் வெயிற்பட்டுச் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளிறிவிடும். அடிக்கடி மினுக்கி மெழுகு பூசாதவரின் வண்டி இரண்டு மூன்று ஆண்டுகளில் மங்கிப்போகும். மெழுகு அன்று அலங்காரம் அன்று, தேவை. 1980களில் தெளிபூச்சு பரவலாக வழக்குக்கு வந்த பின்னர் அத்தேவையிற் பெரும்பகுதி நீங்கிவிட்டது. தேவை நீங்கினாலும் பழக்கம் நீங்கவில்லை. பழக்கம் இருக்குமிடத்தில் வியாபாரமும் இருக்கும்.

'புதிய வர்ணம் இன்னும் இளகியிருக்கும், அது இறுகுமுன் மேற்பூச்சு இடவேண்டும்' என்று சில விற்பனையாளர் சொல்வதுண்டு. இது பொருந்தாத கூற்று. தொழிற்சாலையில் தெளிபூச்சு ஏறக்குறைய 140 பாகை செல்சியசு வெப்பத்தில் சூளையிட்டுச் சுடப்படுகிறது. கப்பலேறி, துறைமுகத்தில் இறங்கி, காட்சியறைக்கு வந்து சேரும் வண்டியின் வர்ணம் இறுகவேண்டிய அளவு முன்னரே இறுகியிருக்கும். விபத்துக்குப் பின் திருத்தகத்திற் பூசப்படும் வர்ணத்துக்கே, அவ்வளவு சூட்டில் அது சுடப்படாதபடியால், சில வாரம் பொறுத்திருத்தல் வேண்டும். ஒன்றுக்குரிய நியாயத்தை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்வதனால் அவசரம் பிறக்கிறது.

இனி, முகவர் பூசுவது என்ன? 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லின்கீழ் மூன்று வேறு பொருள்கள் விற்பனையாகின்றன. மிகப் பழையது மெழுகு. அவற்றுள் உயர்ந்ததாகக் கருதப்படும் கார்னோபா மெழுகு பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுகிறது. வறட்சியில் தன் நீரைக் காத்துக்கொள்ள அந்த மரம் ஓலைமேற் பூசிக்கொள்ளும் மெழுகு அது. பனையோடு வாழும் மக்களுக்கு இச்செய்தி இனிக்கும். ஆயினும் நம் வெயிலில் அம்மெழுகு சில வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. இரண்டாவது, செயற்கைப் பல்பகுதியப் பூச்சு. அது சில மாதம் நிலைக்கும். மூன்றாவதே இக்காலத்திற் பெரிதும் பேசப்படும் செரமிக் பூச்சு. சிலிக்கன் சேர்ந்த திரவம் ஒன்றைத் துணியாற் பூச, அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, கண்ணாடியை ஒத்த மெல்லிய படையாக வர்ணத்தோடு பிணைந்துகொள்கிறது. நன்றாகப் பூசப்பட்டால் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். பளபளப்பும் நிறத்தின் ஆழமும் கூடும். அழுக்கு எளிதிற் பிடிக்காது. பிடித்ததும் எளிதிற் கழுவுப்படும். இவை மெய்யான நன்மைகள். இவற்றை மறுப்பது நேர்மையன்று.

ஆனால் அந்தப் படையின் தடிப்பு எவ்வளவு? ஒன்று அல்லது இரண்டு மைக்ரோன். பல வேளைகளில் அதனினும் குறைவு. அதற்குக் கீழே தொழிற்சாலை இட்ட தெளிபூச்சு மட்டுமே 40 முதல் 50 மைக்ரோன் இருக்கிறது. மதிலின்மேல் ஒருமுறை வெள்ளையடித்துவிட்டு, மதிலைக் காப்பது அந்த வெள்ளைதான் என்று சொன்னால் எவ்வாறு இருக்கும்?

இவ்விடத்தில் '9 எச் கடினம்' என்ற விளம்பரச் சொல்லைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது. ஏனெனில் படித்தவர்களையும் மயக்குவது இதுவே. கடினம் என்றதும் பாடசாலையிற் கற்ற மோஸ் அளவுகோல் நினைவுக்கு வரும். ஜெர்மானியக் கனிப்பொருளியலறிஞர் பிரீட்ரிக் மோஸ் 1812 ஆம் ஆண்டில் வகுத்த அந்த அளவுகோலில் மிக மெதுவான தல்க் என்னும் கனிப்பொருளுக்கு 1, வைரத்துக்கு 10. அப்படியானால் ஒன்பது என்பது வைரத்துக்கு அடுத்தபடியல்லவா என்று கேட்பவர் எண்ணிக்கொள்கிறார். விளம்பரத்தில் வரும் ஒன்பது அந்த ஒன்பது அன்று. அது பென்சிலின் ஒன்பது. சித்திரம் வரையும் மாணவர் பாவிக்கும் பென்சில்களில் மெதுவானவை 'பி' என்றும், கடினமானவை 'எச்' என்றும் குறிக்கப்படும். இடையில் நிற்பது எல்லோரும் அறிந்த எச்.பி. பூச்சு ஒன்றைச் சோதிப்பவர், பலதரப் பென்சில்களை ஒரே சாய்வில் வைத்து அதன்மேல் தள்ளிப் பார்க்கிறார். எந்தத் தரம்வரை கீறல் விழவில்லையோ அதுவே அப்பூச்சின் பென்சிற் கடினம். ஆகவே 9 எச் என்பதன் பொருள், மிகக் கடினமான பென்சிலாலும் இதனைக் கீறமுடியவில்லை என்பது மாத்திரமே. பென்சிலின் கூரோ காரீயகமும் களிமண்ணும் சேர்த்துச் சுட்டது. தெருப் புழுதியிலுள்ள மணலோ குவாட்சு. மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. பென்சிலுக்குத் தப்பிய பூச்சு மணலுக்கும் தப்பும் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. மேலும், அத்துணை மெல்லிய படை தன்னினும் மெதுவான வர்ணத்தின்மேல் கிடக்கிறது. மெத்தைமேல் வைத்த முட்டையோட்டை விரலால் அழுத்தினால், ஓடு கடினமானது என்பதனால் அது தப்பிவிடுமா?

கீறல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், பெரும்பாலானவை தெருவில் நேர்வன அல்ல. வீட்டு முற்றத்தில் நேர்வன. காலையில் உலர்ந்த துணியால் வண்டியின் தூசியைத் துடைப்பது பலருக்கு நாளாந்தக் கடமை. தூசியிலுள்ள மணலைத் துணியால் அழுத்தித் தேய்ப்பதும், மணல்தாள் கொண்டு மெல்ல உரைப்பதும் ஏறக்குறைய ஒரே செயல்தான். வெயிலில் நிறுத்தி ஒரு பக்கமாகப் பார்த்தால் சிலந்திவலை போன்ற வட்டக் கீறல்கள் தெரியும். மேற்பூச்சு இட்ட வண்டியிலும் அவை தெரியும்.

நீர் முத்து முத்தாக உருண்டோடும் காட்சியே இப்பூச்சின் தலையாய விளம்பரம். சேம்பிலையில் நீர் நில்லாததுபோல் வண்டியின் மேலும் நில்லாது. காண்பதற்கு அழகுதான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நேயர் இதனை ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்தல் வேண்டும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்; கிணற்று நீரிற் கல்சியம் கரைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் நாளடைவிற் படியும் வெண்ணிறப் படிவு அதற்குச் சாட்சி. அந்த நீரால் வண்டியைக் கழுவி, வெயிலில் உலரவிட்டால், நீர் ஆவியாகச் சுண்ணாம்பு எஞ்சும். பூச்சில்லாத வண்டியின்மேல் நீர் பரந்து கிடப்பதனால் படிவும் மெல்லியதாகப் பரந்திருக்கும். பூச்சிட்ட வண்டியிலோ நீர் முத்துகளாகத் திரண்டு நிற்கிறது; ஒவ்வொரு முத்தும் தான் கொண்டிருந்த சுண்ணாம்பு முழுவதையும் ஒரே வட்டத்திற் குவித்துவிட்டு மறைகிறது. கருநிற வண்டியில் இது அம்மைத் தழும்புபோற் காணப்படும். நாட்பட்டால் அவ்வட்டங்கள் பூச்சைத் தின்று பதிந்துவிடுவதும் உண்டு. இதன் பரிகாரம் எளிது: நிழலில் நிறுத்திக் கழுவி, நீர் உலருமுன் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடவேண்டும். புதிதாகப் படிந்த வட்டங்களை ஐதாக்கிய வினாகிரி கரைக்கும். பின் நல்ல நீரால் கழுவுதல் அவசியம். ஆனால் வண்டி கழுவும் வேலையைக் குறைக்கும் என்று நம்பி வாங்கிய பூச்சு, அந்த வேலையிற் கூடுதலான கவனத்தைக் கேட்கிறது என்பதைக் காட்சியறையில் ஒருவரும் சொல்வதில்லை.

காகத்தின் எச்சமும் அப்படியே. அதில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் நிற்கும் கருநிற வண்டியின் மேற்றகடு 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். அச்சூட்டில் தெளிபூச்சு சற்று இளகி விரிகிறது. எச்சம் அதன்மேற் காய்ந்து இறுக, மாலையில் தகடு குளிர்ந்து சுருங்கும்போது, எச்சத்தின் உருவம் வர்ணத்திற் பதிந்துவிடுகிறது. மேற்பூச்சு இதனைச் சிறிது நேரம் தாமதிக்கச் செய்யும், தடுத்துவிடாது. ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துவிடுவதே மருந்து. வேப்பமர நிழல் வண்டிக்கு நல்லதா என்று கேட்டால், வெயிலுக்கு நல்லது, காகம் கூடுகட்டும் பருவத்தில் நல்லதன்று என்றுதான் விடை கூறவேண்டும்.

மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் உள்ளோர் உப்புக் காற்றுக்கு அஞ்சுவர். அந்த அச்சத்துக்கு இடமுண்டு. ஆயினும் துரு தொடங்கும் இடம் எது? கண்ணுக்கு முன்னே மின்னும் கதவோ மூடியோ அன்று. வண்டியின் அடிப்புறம், சில்லுக்கு மேலுள்ள வளைவின் உட்பக்கம், தகடுகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகள், கல் தெறித்து வர்ணம் கழன்ற புள்ளிகள் - இவையே துருவின் வாசல்கள். மேற்பூச்சு இவற்றில் எதையும் அணுகுவதில்லை. கரையோரத்தில் வாழ்பவர் மாதத்தில் இரண்டொரு முறை வண்டியின் அடிப்புறத்தை நன்னீராற் பீச்சிக் கழுவினால், மேற்புறத்திற் பூசும் எந்தத் திரவத்தினும் கூடிய பயன் உண்டு. கழன்ற புள்ளிகளை அதே நிற வர்ணத்தை வாங்கி உடனே தொட்டுவிடுவதற்கு அதிகம் செலவாகாது.

கல் தெறிப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. அதனைச் சொல்லாமல் விடலாகாது. அது திரவமன்று, ஒட்டும் மெல்லேடு. வியட்நாம் போரில் ஹெலிகொப்டர்களின் சுழல் தகடுகளை மணலும் கல்லும் அரித்தபோது, அவற்றைக் காப்பதற்காக அமெரிக்காவின் 3 எம் நிறுவனம் செய்த ஒட்டேட்டிலிருந்து பிறந்தது. பொலியூரத்தேன் என்னும் இழுபடும் பொருளாலான இவ்வேடு 150 முதல் 200 மைக்ரோன் தடிப்புடையது. அதாவது வண்டியின் வர்ணம் முழுவதினும் தடித்தது. கல் பட்டால் அதன் விசையை இது தாங்கிக்கொள்ளும். விலையும் அதற்கேற்ப அதிகம். ஒட்டும் கைக்கும் பழக்கம் வேண்டும். விளிம்புகளில் அழுக்குச் சேரும். சில ஆண்டுகளின் பின் மஞ்சளித்தால் உரித்து மாற்றவேண்டும். நெடுந்தூரம் விரைந்து ஓடும் வண்டிக்கு, முன்மூடிக்கும் முன்தடுப்புக்கும் மாத்திரம் இதனை ஒட்டிக்கொள்வது அறிவான செலவாகலாம். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் வண்டிக்கு இது மிகை. எவ்வாறாயினும், 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டவுடன், பூசும் திரவமா ஒட்டும் ஏடா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளவேண்டும். ஏட்டின் பெருமையைச் சொல்லித் திரவத்தை விற்பது வழக்கில் உள்ளது.

இப்பொழுது உத்தரவாதத்துக்கு வருவோம். உண்மையில் முகவர் விற்பது பூச்சைக் காட்டிலும் இந்தத் தாளையே. ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று முதற்பக்கத்திற் பெரிய எழுத்தில் இருக்கும். சிறிய எழுத்து அடுத்த பக்கத்தில் இருக்கும். இத்தகைய தாள்களில் வழக்கமாகக் காணப்படும் விலக்குகளை நேயர் கவனித்தல் நன்று. கல் தெறித்த காயம் இதில் அடங்காது. கீறல் அடங்காது. துரு அடங்காது. விபத்து அடங்காது. எச்சமும் மரப்பாலும் 'நியாயமான காலத்தினுள்' அகற்றப்படாவிடின் அவற்றால் வந்த கறையும் அடங்காது. ஆண்டுதோறும் அதே முகவரிடம் கொண்டுசென்று, கட்டணம் செலுத்தி, பூச்சைப் பரிசோதிப்பித்துப் புத்தகத்தில் முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். ஓராண்டு தவறினாலும் உத்தரவாதம் இல்லை. இவை அனைத்தையும் கடந்து ஒருவர் தம் முறைப்பாட்டை நிறுவிவிட்டால், கிடைக்கும் நிவாரணம் என்ன? பழுதான பகுதிக்கு அதே பூச்சை மறுமுறை பூசித் தருவது. பலவற்றில் அவ்வளவே.

மறுபுறத்தில், வர்ணம் தானாக உரிந்தாலோ கொப்பளித்தாலோ வெளிறினாலோ, அது தயாரிப்பின் குறையாகும். பெரும்பாலான உற்பத்தியாளரின் உத்தரவாதமே அக்குறையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்றுக்கொள்கிறது. தகடு உள்ளிருந்து துருவேறித் துளைவிழுவதற்கு அதனினும் நீண்ட காலம் கொடுக்கப்படுவதுண்டு. வண்டியோடு வரும் புத்தகத்தை முதலில் வாசித்தவர், தாம் ஏற்கெனவே பெற்றுவிட்ட ஒன்றை மறுபடியும் விலைகொடுத்து வாங்கும்படி கேட்கப்படுவதைச் சில வேளை காண்பார். மேற்பூச்சு இடாவிட்டால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் செல்லாது என்று எவரேனும் சொன்னால், அதனை அந்தப் புத்தகத்திற் காட்டும்படி கேட்டாற் போதும். யப்பானிலிருந்து வரும் பாவித்த வண்டிகளின் நிலை வேறு. அவற்றுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் இங்கே செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் அதன் பொருள் அவற்றுக்கு மேற்பூச்சு வேண்டும் என்பதும் அன்று. முன்னரே கீறல் விழுந்த வர்ணத்தை மினுக்கிச் சீராக்காமல் பூச்சு இட்டால், அக்கீறல்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொருள்போற் காட்சிக்கு நிற்கும்.

பணக் கணக்கையும் பார்க்கவேண்டும். வண்டியைக் குத்தகைக் கடனில் வாங்குபவரிடம், 'மாதத் தவணையில் இரண்டாயிரத்துச் சொச்சம் கூடும், அவ்வளவுதான்' என்று சொல்லப்படும். உதாரணமாக மேற்பூச்சின் விலை ஒரு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொண்டு, நூற்றுக்கு 14 வீத வருட வட்டியில், 60 மாதத்துக்கு அதனைக் கடனோடு சேர்த்தால், மாதத்துக்கு ஏறக்குறைய 2,327 ரூபா கூடும். அறுபதாற் பெருக்கினால் 139,620 ரூபா. ஓர் இலட்சத்தின் பூச்சு ஏறத்தாழ ஒன்றரை இலட்சத்தை அணுகிவிடுகிறது. அது தேய்ந்து முடிந்த பின்னும் தவணை தொடர்ந்திருக்கக்கூடும். அத்தொகையைக் கொண்டு வீட்டு முற்றத்தில் நாலு தூண் நாட்டிக் கூரைத் தகடு வேய்ந்தால், வெயில், எச்சம், மழை, மரப்பால் ஆகிய நான்கையும் அது தடுக்கும். அந்த வண்டிக்கும் அதற்கடுத்த வண்டிக்கும் தடுக்கும். இந்த ஒப்பீட்டை முகவர் செய்துகாட்டமாட்டார். அது அவருடைய வேலையும் அன்று.

அப்படியாயின் மேற்பூச்சை ஒருவரும் வாங்கலாகாதா? வாங்கலாம். வண்டியின் பளபளப்பிலே மகிழ்ச்சி கொள்பவர், தாமே நேரமொதுக்கிக் கழுவித் துடைப்பவர், அந்த வேலை இலகுவாக வேண்டும் என்று விரும்புபவர் ஆகியோருக்குச் செரமிக் பூச்சு கொடுத்த காசுக்குப் பலன் தரும். மகிழ்ச்சிக்காகச் செலவு செய்வது குற்றமன்று. பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டு செய்யாமல் இருந்தாற் சரி. ஆனால் அத்தகையவரும் அதனை வண்டி விற்பவரின் மேசையில் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. செரமிக் பூச்சை முறையாக இடுவதென்றால் வண்டியைக் கழுவி, களிபோன்ற பிசின் கட்டியால் உருட்டி ஒட்டிய துகளை எடுத்து, நுண்கீறல்களை மினுக்கிப் போக்கி, மதுசாரத்தால் எண்ணெய்ப்பசை நீக்கி, பகுதி பகுதியாகப் பூசி, பல மணி நேரம் நீர் படாமல் இறுகவிடவேண்டும். அது ஒரு நாள், இரண்டு நாள் வேலை. காலையில் உடன்பட்டு மாலையில் வண்டியைத் திறப்போடு கையளிக்கிறார்கள் என்றால், இடையில் எந்தப் படிகள் விடப்பட்டன என்று கேட்பதற்கு வாங்குபவருக்கு உரிமை உண்டு. இத்தொழிலையே தனித் தொழிலாகச் செய்யும் கூடங்கள் கொழும்பிலும் பிற நகரங்களிலும் இருக்கின்றன. அவர்கள் ஏற்கெனவே பூசி ஓராண்டு ஓடிய வண்டியைப் பார்த்து, விலையையும் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து, ஆறுதலாகத் தீர்மானிக்கலாம். வண்டியின் வர்ணம் ஒரு மாதம் பொறுத்திருக்கும்.

பூச்சு வேண்டாம் என்று தீர்மானித்தவருக்கு வர்ணத்தைப் பேணும் வழி நீண்டதன்று. உலர்ந்த துணியும் இறகுத் துடைப்பமும் வேண்டாம். தென்னந்தும்பு எந்த வடிவிலும் வேண்டாம். முதலில் நீரைப் பாய்ச்சிப் புழுதியை ஓடவிடவேண்டும். செம்மண் தெருக்களில் ஓடிய வண்டிக்கு இது மிக முக்கியம். பின் இரண்டு வாளி: ஒன்றிற் சவர்க்கார நீர், மற்றொன்றில் துணியை அலசும் வெறும் நீர். மேலிருந்து கீழாகக் கழுவி, மிக அழுக்கான கீழ்ப்பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளவேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் மெழுகை உரித்துவிடும். வண்டிக்கென்று விற்கும் சவர்க்காரமே தகுந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சாதாரண மெழுகை ஒரு பின்னேரத்திற் பூசிக்கொண்டால், நீர் உருண்டோடும் அந்தக் காட்சியையும் சிறு செலவிற் கண்டு மகிழலாம்.

எஞ்சியிருப்பது ஒரு சிக்கல். 'பூச்சு ஏற்கெனவே பூசியாகிவிட்டது, ஆகவே விலையிற் சேர்த்திருக்கிறோம்' என்று சொல்லப்படுவது. கேளாமற் செய்த வேலைக்குக் கூலி கேட்பதை எந்தத் தச்சனிடமும் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. மோட்டார் வண்டிக்கு மாத்திரம் அது வேறு நியாயம் ஆகிவிடாது. பூசிய பொருளின் பெயர் என்ன, எந்தத் திகதியில் யார் பூசினார், அதற்கு முன் வர்ணம் மினுக்கப்பட்டதா என்று கேட்கலாம். விடைகளை எழுத்தில் தரும்படியும் கேட்கலாம். வாயாற் சொன்ன பல உறுதிமொழிகள் எழுத்துக்கு வரும்போது சுருங்கிவிடுவதைப் பலர் கண்டிருப்பர். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரத்திற் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடைசெய்கிறது. அச்சபையின் 1977 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் செல்லவேண்டி வருவதில்லை. 'இது வேண்டாம், இந்த வரியை நீக்கிப் புதிய விலைச்சீட்டுத் தாருங்கள்' என்று மரியாதையாகச் சொல்லி, அந்தச் சீட்டு கைக்கு வரும்வரை பேனாவைச் சட்டைப்பையில் வைத்திருந்தால், பல காட்சியறைகளில் அந்த வரி நீங்கிவிடும், சிலவற்றில் விலை பாதியாகும். பாதியாகக் குறைந்தால், முழு விலை எதற்காகக் கேட்கப்பட்டது என்பதை வீடு திரும்பும் வழியில் யோசித்துக்கொண்டு போகலாம்.